கேளம்பாக்கத்திலிருந்து வந்த என் கருத்துகள்

1

நெதர்லாந்துக்கு வந்து ஐந்து வருடம் முடிந்துவிட்டது. இங்கே ஐந்து வருடம் முடித்தவர்கள் நிரந்தரமாகத் தங்க விண்ணப்பிக்கலாம். அதற்கு முன் இந்த நாட்டு மொழியில் தேர்வு எழுதித் தேற வேண்டும். படிக்க ஒன்று, கேட்க ஒன்று, எழுத ஒன்று, பேச ஒன்று. முதல் மூன்றையும் எப்படியோ தாண்டிவிட்டேன். பேச்சுத் தேர்வுக்காகப் போன மாதம் ரயில் ஏறிப் பக்கத்து நகரத்துக்குப் போனேன்.

பேச்சுத் தேர்வு என்று பெயர்தான். பேச எதிரே ஆள் கிடையாது. இரண்டு பக்கமும் தடுப்பு வைத்த மேசை, கணினி, ஹெட்ஃபோன். திரையில் ஒரு பெண் தோன்றிக் கேள்வி கேட்பாள். மணி அடித்ததும் நாம் மைக்கில் பதில் சொல்ல வேண்டும். நேரம் முடிந்தால் அவளே அடுத்த கேள்விக்குப் போய்விடுவாள். என்னைச் சுற்றிப் பத்துப் பதினைந்து நாட்டுக்காரர்கள் ஒரே நேரத்தில் கணினியிடம் சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

“ஓய்வு நேரத்தில் என்ன செய்வீர்கள்? யாரோடு செய்வீர்கள்?” என்று அந்தப் பெண் கேட்டாள்.

இதற்கு நான் மனப்பாடம் செய்து வைத்திருந்த பதில் வேறு. சைக்கிள் ஓட்டுவேன், பக்கத்து வீட்டுக்காரரோடு சமைப்பேன் என்று எல்லாரும் சொல்லும் பொய். மணி அடித்ததும் சமையலுக்கான சொல் மறந்துவிட்டது. வாயில் வந்ததைச் சொன்னேன். அதைத் தமிழில் போட்டால் இப்படி இருக்கும்:

“நான் புத்தகம் படிக்கிறேன். என் நண்பன் ஆட்டோ ஓட்டுகிறான். நான் அவனுக்குப் புத்தகத்தைச் சொல்கிறேன். அவன் யோசிக்கிறான். நான் எழுதுகிறேன்.”

இந்த மொழியில் ‘என் நண்பன்’ என்றால் காதலன் என்று பொருள் கொள்வார்கள், ‘என்னுடைய நண்பர்களில் ஒருவன்’ என்றுதான் சொல்ல வேண்டும் என்று வகுப்பில் பலமுறை எச்சரித்திருந்தார்கள். அதுவும் மறந்துவிட்டது. என் பதிலைத் திருத்தியவர் எனக்கு ஆட்டோ ஓட்டும் காதலன் ஒருவன் இருப்பதாக நினைத்திருப்பார். அதில் எனக்கு வெட்கம் இல்லை.

வெட்கம் கடைசி இரண்டு வாக்கியத்தில் இருந்தது. ரயிலில் திரும்பி வரும்போது அதையே மென்றுகொண்டு வந்தேன். தமிழில் மூன்று வருடமாக மறைத்து வைத்த ஒன்றை, முந்நூறு சொல்கூட ஒழுங்காகத் தெரியாத மொழியில் சொல்லிவிட்டேன். பொய் சொல்லும் அளவுக்கு அந்த மொழி எனக்கு வரவில்லை.

2

இந்த இணைய இதழில் மூன்று வருடமாக, நான் படித்த நாவல்களையும் தன்வரலாறுகளையும் பற்றி மாதம் ஒரு கட்டுரை எழுதி வருகிறேன். ஊரிலிருந்து அதை வாசிக்கிறவர்கள்தான் அதிகம். நீங்கள் எழுதிய பின்னூட்டங்களை நான் தனியாகச் சேர்த்து வைத்திருக்கிறேன். “பெரிய பெரிய படிப்பாளிகள் பார்க்காத கோணம்” என்று ஒருவர் எழுதியிருந்தார். இப்போது சொல்கிறேன். அந்தக் கோணம் என்னுடையது அல்ல. பாதத்தினுடையது.

பாதம் என்பது யேசுபாதம். திருக்கழுக்குன்றத்திலிருந்து செங்கல்பட்டுக்குப் போகிற வழியில், சாலையைவிட்டு உள்ளே தள்ளி எங்கள் காலனி. அவன் வீடு எங்கள் வீட்டுக்கு நான்காவது. இரண்டு வீட்டிலும் எங்களுக்கு முன்னால் பள்ளிக்கூடம் போனவர்கள் யாரும் இல்லை. எங்கள் அப்பாக்கள் இருவருமே அடுத்தவர் நிலத்தில் கூலிக்குப் போனவர்கள். பிறகு கான்ட்ராக்ட் வேலைக்கு மாறினார்கள். நானும் பாதமும் பத்தாவது வரை ஒரே பெஞ்சு. பரீட்சையில் கணக்கில் அவன் ஃபெயில், நான் பாஸ். அவ்வளவுதான் வித்தியாசம். அன்றிலிருந்து அவனுக்கு நான் ‘கலெக்டரு’. நான் சிறுசேரியில் வேலைக்குச் சேர்ந்தபோது அவன் கேளம்பாக்கத்தில் ஷேர் ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்தான். ஒரு வருடம் அவன் வண்டியில்தான் வேலைக்குப் போனேன்.

இங்கே வந்த புதிதில் பேச ஆள் இல்லாமல் நாவல்களாகப் படித்துத் தள்ளினேன். படித்ததை யாரிடமாவது சொல்ல வேண்டும்போல இருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை, வெங்காயம் நறுக்கிக்கொண்டே பாதத்துக்கு ஒரு நாவலின் கதையை வாய்ஸ் நோட்டில் சொன்னேன். பதினெட்டு நிமிடம். யார் கேட்பார்கள் என்றுதான் நினைத்தேன். மறுநாள் பதில் வந்திருந்தது. பின்னணியில் ஹாரன், நடுநடுவே “நாவலூரு, சிறுசேரி, ஏறு ஏறு” என்று அவனே கத்துவது, அதற்கு இடையில் கதாநாயகனுக்கு விழுந்த வசவுகள்.

அதன் பிறகு அது வழக்கமாகிவிட்டது. ஸ்டாண்டில் முறைக்காகக் காத்திருக்கும்போது கேட்பான். சவாரி ஆள், அவன் பாஷையில் கிராக்கி, ஏறுவதற்குள் பேசிவிடுவான். நானோ அந்த வாய்ஸ் நோட்டை நிறுத்தி நிறுத்திக் கேட்டு, ஹாரனை எடுத்துவிட்டு, வசவை எடுத்துவிட்டு, ‘இன்னா’வை ‘என்ன’ ஆக்கி, ‘கீது’வை ‘இருக்கிறது’ ஆக்கி, கீழே என் பெயரைப் போட்டு அனுப்புவேன்.

கட்டுரை எழுதுகிறேன் என்றே அவனிடம் நான் சொல்லவில்லை.

3

எது எது அவனுடையது என்று இங்கே எழுதிவிடுகிறேன். உங்களில் சிலர் அந்த வரிகளை எடுத்துப் பகிர்ந்திருக்கிறீர்கள்.

அப்பா இறந்த பிறகு ஊருக்கு வந்து பூர்வீக நிலத்தை விற்கும் ஒருவனின் நாவல். முந்நூறு பக்கம். அதில் பாதிப் பக்கம் அவன் ஏரிக்கரையில் உட்கார்ந்து மனம் கசிகிறான். எனக்கு அந்த நாவல் பிடித்திருந்தது. வேடந்தாங்கல் பக்கத்து ஏரிபோல ஒன்றை ஆசிரியர் அவ்வளவு அழகாக எழுதியிருந்தார். கதையைச் சொன்னேன். பாதம் கேட்டது இதுதான்:

“மச்சான், நிலம் கீதுல்ல அவனுக்கு? விக்கச் சொல்லோ டப்பும் வருதுல்ல? அப்பால இன்னாத்துக்குடா அழுவுறான்? நம்ம அப்பனுங்க அந்த மாரி நிலத்துல கள எடுத்தாங்களே, அவங்க எங்க குந்திகினு அழுவுறது?”

நான் எழுதியது: “நிலமே இல்லாதவன் கண்ணில் இந்த நாவலின் துயரம் ஓர் ஆடம்பரம்.”

அடுத்தது, அடுக்குமாடிக் குடியிருப்பில் வீட்டு வேலை செய்யும் ஒரு அம்மாவைப் பற்றிய நாவல். பொறுமையானவள், திருடாதவள், எஜமானியின் குழந்தைக்காகத் தன் குழந்தையை மறந்தவள். பாதத்தின் வண்டியில் காலை ஆறரைக்கு ஏறுகிறவர்கள் எல்லாம் அந்த வேலைக்குப் போகிறவர்கள்தான்.

“எம்மாம் நல்லவளா கீது அந்தம்மா! என் வண்டில ஏறுறவங்கள நீ பாத்ததில்ல? ஓனரம்மா மாரியே பேசிக் காட்டுவாங்க, வண்டியே குலுங்கும். ஒருத்தி ஷாம்பூல தண்ணி ஊத்தி வெச்சிட்டு வந்ததச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கும். உன் புக்குல அந்தம்மா ஒரு தபாகூட சிரிக்கலியே, இன்னா பேஜாரு அதுக்கு?”

நான் எழுதியது: “ஏழைகள் கெட்டவர்களாக இருக்கும் உரிமையை, ஏன், சிரிக்கும் உரிமையைக்கூட இந்த நாவல் அவர்களுக்குத் தரவில்லை.”

மூன்றாவதை எழுதத்தான் கை வரவில்லை. எங்கள் காலனிபோன்ற ஒரு இடத்திலிருந்து படித்து வந்து பெரிய அதிகாரியான ஒருவர், அப்பா இறந்த பிறகு எழுதிய தன்வரலாறு. குடித்துவிட்டு வந்த அப்பா அவருடைய பாடப்புத்தகங்களை அடுப்பில் போட்ட இடம் வரும்போது என்னால் மேலே படிக்க முடியவில்லை. என் அப்பா குடிக்காதவர். புத்தகத்தைக் கீழே கிடந்தால்கூட எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். ஆனாலும் நான்தான் அந்த அதிகாரி என்று நினைத்துக்கொண்டேன். அழுதேன். கதையைப் பாதத்திடம் சொன்னேன். அவன் பதில் மழைச் சத்தத்தோடு வந்தது:

“அந்த அப்பன் இன்னா சொல்றான்னு எங்கனா கீதா அதுல? அவன் எப்டிச் சொல்லுவான், எழுதத் தெரியாதே. இவன் எழுதிட்டான், அதுதான் நடந்துதுன்னு ஆயிப்பூட்ச்சு. எழுதத் தெரிஞ்சவன் ஜெயிச்சுடறான் மச்சான். செத்தவன்மேல கேசு போட்டு அவனே தீர்ப்பும் சொல்லிக்கிறான்.”

இரண்டு நாள் அவன்மேல் எனக்குக் கோபம். மூன்றாம் நாள் எழுதினேன்: “எழுதத் தெரிந்தவன் சொன்னதே நடந்தது என்றாகிவிடுகிறது.”

இந்தத் தொடரிலேயே அதிகம் பேர் பகிர்ந்த வரி அது. எழுதத் தெரியாத அப்பனுக்காக ஒருவன் பேசியதை, எழுதாத அவனிடமிருந்து எடுத்து என் பெயரில் போட்டுக்கொண்டேன். தெரியாமல் செய்தேன் என்று சொல்ல ஆசை. ஆனால் தட்டச்சு செய்தபோது அந்த வரியில் என் விரல் நின்றது நன்றாக நினைவிருக்கிறது. நின்றது, பிறகு போய்விட்டது.

4

இங்கே தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்து ஒரு வாசகர் வட்டம் நடத்துகிறோம். ஊர் நூலகத்தில் ஒரு அறை தருவார்கள். பெரியவர்கள் நாவலைப் பற்றிப் பேசுவோம்; பிள்ளைகள் பக்கத்து அறையில் இந்த நாட்டு மொழியில் சண்டை போடுவார்கள். அம்மாக்கள் தமிழில் அதட்டினால் டச்சில் பதில் வரும். உட்கார்ந்து பக்கம் பக்கமாக நாவலை அலசும் நாங்கள் அந்தப் பதிலில் பாதியைப் புரிந்துகொள்ளாமல் சிரித்து வைப்போம்.

அந்தத் தன்வரலாற்றைப் பற்றி நான் அங்கே பேசினேன். கூட்டத்தை நடத்தும் சுமதி அக்கா கல்பாக்கத்தில் வளர்ந்தவர், நல்ல வாசகி. பேசி முடித்ததும் கேட்டார்: “தம்பி, நாங்க எல்லாரும் அந்தப் பையனுக்காகத்தான் அழுதோம். நீங்க மட்டும் அப்பா பக்கம் போயி நின்னீங்களே, எப்படித் தோணுச்சு அது?”

அப்போது சொல்லியிருக்கலாம். ‘என் நண்பன் சொன்னான்’ என்ற மூன்று சொல் போதும். நான் சொன்னது வேறு. போன விடுமுறையில் மாமல்லபுரம் கடற்கரையில் தனியாக உட்கார்ந்திருந்தேனாம். ஒரு மீனவர் வலையைப் பிரித்துக்கொண்டிருந்தாராம். அவர் முகத்தைப் பார்த்தபோது, இவர் கதையை யார் எழுதுவார் என்று தோன்றியதாம். அப்படி ஒரு மீனவரை நான் பார்த்ததில்லை. அந்த விடுமுறையில் மாமல்லபுரமே போகவில்லை. பாதத்தின் வண்டியில் முன்சீட்டில் உட்கார்ந்து கேளம்பாக்கத்துக்கும் சிறுசேரிக்கும் நடுவே சுற்றிக்கொண்டிருந்தேன்.

எல்லாரும் கை தட்டினார்கள். சுமதி அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டார். வீட்டுக்கு வரும் வழியில் சைக்கிளை மிதிக்க முடியாமல் இறங்கித் தள்ளிக்கொண்டு வந்தேன். ஆனால் அடுத்த மாதமும் பாதத்தின் வாய்ஸ் நோட்டைத்தான் திறந்தேன். ஒரே ஒரு முறை அவனிடம் கதை சொல்லாமல் நானே யோசித்து ஒரு நாவலைப் பற்றி எழுதி அனுப்பினேன். “இந்தத் தடவை கொஞ்சம் சப்பென்று இருக்கிறதே, உடம்பு சரியில்லையா?” என்று இதழாசிரியர் கேட்டார்.

5

தேர்வு முடிந்து வந்த மறுநாள் பாதத்தை போனில் அழைத்தேன். நாங்கள் அனுப்பிக்கொள்வது வாய்ஸ் நோட்டுதான். நேராகப் பேசுவது அபூர்வம்.

“இன்னா கலெக்டரு, அதிசயமா போனு? யாருனா பூட்டாங்களா?”

“இல்லடா. ஒரு விஷயம் சொல்லணும்.”

“கல்யாணமா? வெள்ளக்காரியா?”

“சும்மா இருடா. நான் உனக்குப் புக்கு கதை சொல்றேன்ல, நீயும் பேசி அனுப்புறல்ல. அத நான் எழுதுறேன். இன்டர்நெட்ல ஒரு பத்திரிகை இருக்கு. மூணு வருஷமா அதுல வருது.”

“நான் பேசுறதையா?”

“ஆமா.”

“கெட்ட வார்த்தையோடயா?”

“அதெல்லாம் எடுத்துட்டேன்.”

“அப்போ மீதி இன்னாடா கீது?” என்று விழுந்து விழுந்து சிரித்தான். பக்கத்து வண்டிக்காரரிடம், “அண்ணாத்த, நான் பேப்பர்ல வந்துகினு கீறேனாம்” என்று சொல்வது கேட்டது.

“என் பேர்ல வருதுடா. உன் பேரு இல்ல.”

“ஓ” என்றான். “சரி, படி. இன்னா எழுதிக்கிறன்னு பாப்போம்.”

படித்தேன். ஏரிக்கரை நாவலின் வரி வந்ததும் நிறுத்தினான். “இது யாரு சொன்னது?”

“நீதான்.”

“பொய் சொல்லாத. ஆடம்பரம்னு என் பொண்டாட்டி ஆயிரம் ரூபா பொடவ எடுத்தப்போகூட நான் சொன்னதில்ல.”

அடுத்ததற்கும் சிரித்தான். மூன்றாவது வரியைப் படித்தபோது சிரிப்பு வரவில்லை. மறுபடி ஒரு முறை படிக்கச் சொன்னான்.

“இத நான் சொன்னேன்” என்றான் கடைசியில். “எப்பன்னுகூட ஞாபகம் கீது. மழ ஊத்திகினு இருந்துச்சு, ஒரு கிராக்கி இல்ல. அந்த ஆபீசரோட அப்பனுக்காக சொன்னேன்.”

“ஆமா.”

“எழுதச் சொல்லோ உனுக்கு ஒண்ணும் தோணலியா மச்சான்?”

இல்லை என்று சொன்னால் நம்பியிருப்பான். அவன் என்னை நம்பாத நாளே கிடையாது.

“தோணுச்சு” என்றேன்.

“ம்.”

திட்டுவான் என்று காத்திருந்தேன். அவன் வாயில் வராத வசவு கிடையாது. அதில் ஒன்று வந்தாலும் எனக்கு ஆறியிருக்கும். அவன் கேட்டதோ, “படிச்சிட்டு இன்னா சொல்றாங்கோ ஜனங்க?” பின்னூட்டங்களைப் படித்துக் காட்டினேன். ஆழமான பார்வை என்று ஒருவர் எழுதியதைக் கேட்டதும் பழைய சிரிப்பு திரும்பி வந்தது.

“ஆழமாம்! கேளம்பாக்கம் சிக்னல்ல இன்னாடா ஆழம்?”

பிறகு, “சரி வை, ஆளு ஏறுது” என்றான். வைப்பதற்கு முன் சிரித்துக்கொண்டேதான் சொன்னான்: “இனிமே உன்கிட்ட பாத்துதான் பேசணும் போலக் கீது.”

நானும் சிரித்தேன். விளையாட்டுக்குச் சொன்னான் என்றே எடுத்துக்கொண்டேன்.

6

இந்தக் கட்டுரைகளைத் தொகுத்துப் புத்தகமாகப் போட இதழாசிரியர் ஏற்பாடு செய்திருந்தார். பின்னட்டையில் அந்த மூன்றாவது வரி. அவரிடமும் உண்மையைச் சொன்னேன்.

“நண்பர்களோடு பேசித்தான் எல்லாரும் எழுதுறாங்க தம்பி. நன்றியில ஒரு வரி போட்டுடலாம்” என்றார். போதாது, இரண்டு பேர் பெயரும் அட்டையில் வர வேண்டும் என்றேன். யோசித்துவிட்டு உற்சாகமானார். “அப்போ ஒண்ணு பண்ணலாம். அட்டையில ஆட்டோ படமே போட்டுடலாம். ஒரு ஆட்டோ டிரைவர் நாவல் படிக்கிறாருன்னா ஜனங்க வாங்குவாங்க.”

வேண்டாம் என்றேன். புத்தகமே இப்போதைக்கு வேண்டாம் என்றேன். இதை ஒரு தியாகமாக யாரும் எழுதிவிடாதீர்கள். மூன்று வருடம் எடுத்துக்கொண்டவன், நான்காவது வருடம் எடுக்கவில்லை, அவ்வளவுதான்.

உன் பெயரைச் சொல்லி இதை எழுதட்டுமா என்று பாதத்திடம் கேட்டேன். “வோணாம்டா, ஸ்டாண்டுல உயிர எடுத்துடுவானுங்க” என்று அனுப்பினான். பத்து நிமிடம் கழித்து இன்னொன்று வந்தது: “போட்டா முழுப் பேரு போடு. யேசுபாதம்.” அதனால்தான் மேலே முழுப் பெயரையும் போட்டிருக்கிறேன். சுமதி அக்காவிடம் மீனவர் கதை பொய் என்று சொல்லிவிட்டேன். “அப்போ நான் அழுதது?” என்று கேட்டார். பேச்சுத் தேர்வில் தேறிவிட்டதாகக் கடிதம் வந்திருக்கிறது.

7

போன ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் வெங்காயம் நறுக்கிக்கொண்டே பாதத்துக்கு ஒரு நாவலைச் சொன்னேன். எழுதுவதற்காக அல்ல, அதையும் முதலிலேயே சொல்லிவிட்டேன். பன்னிரண்டு வருடம் துபாயில் வீட்டு வேலை செய்துவிட்டு ஊர் திரும்பும் ஒரு பெண்ணின் கதை. அவள் அனுப்பிய பணத்தில் படித்த மகன், நண்பர்கள் எதிரே அவளை அத்தை என்று அறிமுகம் செய்கிறான். நாவலாசிரியர் அவனை மன்னித்துவிடுகிறார். எனக்கு அந்த முடிவு சரியா தவறா என்று தெரியவில்லை. பாதம் விடமாட்டான், அந்த மகனை வண்டியிலிருந்து இறக்கி நாலு கேள்வி கேட்பான் என்று எதிர்பார்த்தேன். அதைக் கேட்க ஆசையாகக்கூட இருந்தது.

திங்கட்கிழமை பதில் இல்லை. செவ்வாய்க்கிழமையும் இல்லை. புதன்கிழமை ஒரு வாய்ஸ் நோட்டு வந்தது. அரை நிமிடம்கூட இல்லை. ஹாரன் இல்லை, யாரையும் ஏறச் சொல்லிக் கூப்பிடவில்லை. வண்டியை எங்கோ ஓரம் கட்டி, எஞ்சினை நிறுத்திவிட்டுப் பேசியிருக்கிறான். பேச ஆரம்பிக்கும் முன் தொண்டையைச் செருமிக்கொள்வது கேட்டது.

“வணக்கம். இந்த நாவல் மிகவும் சிறப்பாக உள்ளது. ஒரு தாயின் தியாகத்தை ஆசிரியர் அருமையாக எழுதியுள்ளார். இளைஞர்கள் அனைவரும் படிக்க வேண்டிய நல்ல நாவல். நன்றி.”

மூன்று முறை கேட்டேன். எடுத்து எழுத அதில் ஒன்றுமே இல்லை.